காட்ஸில்லாவைத் திரையரங்கில் பார்ப்பதென்றால்: எந்தப் படம், எந்த அரங்கு?

டோக்கியோவில் ஒரு மாலைப்பொழுது ஓய்வாகக் கிடைத்து, ஜப்பானியர்களின் ராட்சத விலங்குப் படம் ஒன்றை அது பிறந்த ஊரிலேயே பெரிய திரையில் பார்த்துவிட வேண்டும் என்று ஒருவர் விரும்பினால், அவர் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கும். எந்தப் படம் என்பது ஒன்று. எந்த அரங்கு என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மற்ற வகைப் படங்களுக்கு அது பெரிய குறையாகாது. ஆனால் உருவத்தின் பருமனும் ஒலியின் கனமுமே உயிராக இருக்கும் இவ்வகைப் படத்தில் அரங்கு தவறினால் நல்ல படமும் பாதியாகக் குறைந்துவிடும் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே இரண்டையும் சேர்த்தே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

தோஹோ திரைப்பட நிறுவனம் 1954 முதல் 2023 வரை ஜப்பானில் உருவாக்கிய காட்ஸில்லா படங்களில், அசைவூட்டப் படங்களை விட்டுவிட்டால், நடிகர்கள் நடித்தவை 30. அவற்றுள் முதன்முறையாக அரங்குக்குப் போகிறவருக்கு நான் பரிந்துரைக்கக்கூடியவை மூன்று: இஷிரோ ஹோண்டா இயக்கிய 1954ஆம் ஆண்டின் முதற்படம், ஹிதேயாகி அன்னோவும் ஷின்ஜி ஹிகுச்சியும் சேர்ந்து உருவாக்கிய 2016ஆம் ஆண்டின் 'ஷின் காட்ஸில்லா', தகாஷி யமசாகி இயக்கிய 2023ஆம் ஆண்டின் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்'. முதற்படம் வெளியான நவம்பர் 3ஆம் தேதியைக் காட்ஸில்லா தினமாகக் கொண்டாடுகிறார்கள். பயணத் தேதியைத் தானே தீர்மானிக்க முடிகிறவர் அந்த நாளையொட்டித் திட்டமிட்டால் பழைய படங்கள் மீண்டும் திரையேறுவதைக் காணும் வாய்ப்பு கூடுதல்.

படங்களைத் தனித்தனியாகப் பார்ப்பதற்கு முன்னால், எதை அளவுகோலாக வைத்துக்கொள்வது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கதையை வீட்டுத் தொலைக்காட்சியிலேயே தெரிந்துகொள்ளலாம். அரங்கு மட்டுமே தரக்கூடியது அந்த விலங்கின் கனம். முதற்படத்தில் சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பாயிருந்த எய்ஜி சுபுராயா, ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள ரப்பர் உடைக்குள் ஹாருவோ நகாஜிமாவை நடக்கவைத்து, கேமராவை வழக்கத்தைவிட வேகமாக ஓடவிட்டுப் படம்பிடித்தார். அந்தச் சுருளை இயல்பான வேகத்தில் திரையிடும்போது, ஒரு மனிதன் எடுத்துவைத்த அடி 50 மீட்டர் உயரமுள்ள உயிரின் அடியாக மெதுவாக இறங்குகிறது. எழுபது ஆண்டுகளாக இந்தப் படங்கள் அனைத்தும் நம்பியிருப்பது இந்த மந்தகதியைத்தான். கைபேசித் திரையில் அது வெறும் தாமதமாகத் தெரியும். பெரிய திரையிலோ, கால் தரையைத் தொடுவதற்குள் நமக்கு மூச்சு முட்டும். எந்தத் தேர்வு இந்த மந்தகதியையும் அதைச் சூழ்ந்த அமைதியையும் கெடுக்காமல் காப்பாற்றுகிறதோ அதுவே நல்ல தேர்வு என்பதுதான் என் அளவுகோல்.

அந்த அளவுகோலின்படி என் முதல் பரிந்துரை 1954ஆம் ஆண்டுப் படம். கறுப்பு வெள்ளைப் படம், எழுபது வயதைக் கடந்த படம், ரப்பர் உடை அணிந்த மனிதர் நடக்கும் படம் என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதல் ஒரு நிமிடத்தை மட்டும் நல்ல ஒலியமைப்புள்ள அரங்கில் கேட்டால் போதும். பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே இருளுக்குள்ளிருந்து கனத்த காலடிகள் இடிக்கின்றன. பிறகு அந்தக் கர்ஜனை. அதன்பிறகே அகிரா இஃபுகுபேயின் இசை புகுகிறது. அந்தக் கர்ஜனையை எந்த விலங்கின் குரலிலிருந்தும் எடுக்கவில்லை. கான்ட்ராபாஸ் என்னும் பெரிய நரம்பிசைக் கருவியின் தந்தியைத் தளர்த்தி, பிசின் பூசிய தோல் கையுறையால் அதை உராய்ந்து, பதிவான ஒலியை வேகம் குறைத்து ஓட்டி உருவாக்கினார்கள். உலோகமும் தோலும் ஒன்றையொன்று பிறாண்டும் அந்தச் சொரசொரப்பு வீட்டு ஒலிபெருக்கியில் ஏறக்குறைய காணாமற்போகிறது. அரங்கில் அது காதைக் கடந்து பல்லில் கூசுகிறது.

படம் ஒரு கப்பல் தளத்தில் தொடங்குகிறது. மாலுமிகள் சிலர் கிடாரும் ஹார்மோனிகாவும் வாசித்து இளைப்பாறிக்கொண்டிருக்கையில் கடலில் கண்ணைப் பறிக்கும் ஒளி எழுகிறது. 1954 நவம்பரில் அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அதே ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல், டைகோ ஃபுகுர்யு மாரு என்ற சூரை மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீது பொழிந்தது. அவர்களில் வானொலி இயக்குநராயிருந்த ஐகிச்சி குபோயாமா செப்டம்பர் 23 அன்று இறந்தார். படம் வெளியானபோது அந்தச் சாவுக்கு ஆறு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தப் படகை டோக்கியோவின் யுமெனோஷிமா பூங்காவில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பகலில் அதைப் பார்த்துவிட்டு மாலையில் படத்துக்குப் போக முடிந்தால் அப்படியே செய்யுங்கள் என்பேன். அந்த மரப் பலகைகளின் அருகில் நின்றவருக்குப் படத்தின் தொடக்கக் காட்சியைப் பற்றி வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படத்தை அரங்கில் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. இதன் காட்சிச் சட்டகம் ஏறத்தாழ சதுரத்தை ஒட்டியது. அகலம் உயரத்தைப் போல 1.37 மடங்குதான். நிமிர்ந்து நிற்கும் ஒரு விலங்குக்கு இதைவிடப் பொருத்தமான சட்டம் இல்லை. ஷினகாவாவிலும் கின்சாவிலும் காட்ஸில்லா நடக்கும்போது தலை திரையின் மேல் விளிம்பை முட்டுகிறது, கீழே கூரைகள் நொறுங்குகின்றன, பக்கவாட்டில் கண்ணை இழுக்க வேறொன்றும் இல்லை. பிற்காலத்து அகலத்திரைப் படங்கள் இரண்டு விலங்குகளை எதிரெதிரே நிறுத்திச் சண்டையிட வைக்க வசதியாயின. ஒற்றை உருவத்தின் உயரத்தை அவை இழந்தன. அகலமான திரையில் இந்தச் சதுரப் படத்தை ஓட்டும்போது இருபுறமும் கறுப்புப் பட்டை விழும் என்பதால், வழக்கமாக அமரும் வரிசையிலிருந்து சற்று முன்னால் இடம்பிடிப்பது நல்லது.

இதே படத்துக்குள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது: புதுப்பிக்கப்பட்ட 4கே டிஜிட்டல் பிரதியா, பழைய ஃபிலிம் பிரதியா? டிஜிட்டல் பிரதியில் கீறலும் நடுக்கமும் நீங்கி, ஒலி தெளிந்து, இரவுக் காட்சிகளின் இருட்டுக்குள் இதுவரை தெரியாத கட்டட விவரங்கள் வெளிவருகின்றன. மின்கம்பக் கோபுரங்கள் அனல்மூச்சில் வளைந்து உருகும் காட்சியை இதில்தான் நன்றாகப் பார்க்கலாம். மெழுகில் செய்த மாதிரிக் கோபுரங்களைச் சூடான விளக்கொளியில் உருகவைத்த அந்தக் கைத்திறன் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் தெளிவு கூடும்போது ஒட்டுவேலையின் விளிம்புகளும் கூடவே தெரிகின்றன. ஃபிலிம் பிரதியின் துகள்படிந்த இருள் அவற்றை மூடி, எல்லாவற்றையும் ஒரே இரவாக்கிவிடுகிறது. முதன்முறை பார்ப்பவர் டிஜிட்டல் பிரதிக்கே போகலாம். ஏற்கெனவே படத்தை அறிந்தவர், கியோபாஷியில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகத்தின் நிகழ்ச்சி நிரலைக் கவனித்துக்கொண்டிருக்கட்டும். பழைய ஜப்பானியப் படங்களை 35 மில்லிமீட்டர் சுருளிலேயே திரையிடும் இடம் அது. கட்டணமும் பெரிய அரங்குகளைவிட வெகு குறைவு.

அடுத்தது 'மைனஸ் ஒன்'. அரங்கைத் தேர்ந்தெடுப்பதில் அதிகம் குழம்ப வைப்பது இந்தப் படந்தான், ஏனென்றால் சாதாரணத் திரை, ஐமேக்ஸ், டால்பி சினிமா, இருக்கை அசையும் 4டிஎக்ஸ், எம்எக்ஸ்4டி என்று எல்லா வடிவிலும் இது வெளியாயிற்று. 2024 ஜனவரி 12ஆம் தேதி கறுப்பு வெள்ளை வடிவமும் தனியே வந்தது. போரில் தோற்ற ஜப்பானில், தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்டு உயிருடன் திரும்பிய விமானி ஒருவனின் குற்றவுணர்வை மையமாகக் கொண்ட கதை இது. 35 கலைஞர்கள் உருவாக்கிய 610 காட்சித் துண்டுகளுக்காக, சிறந்த காட்சி விளைவுக்கான ஆஸ்கர் விருதை 2024 மார்ச்சில் பெற்றது. காட்ஸில்லா வரிசையின் எழுபதாண்டு வரலாற்றில் ஆஸ்கர் கிடைத்தது அதுவே முதல் முறை.

ஐமேக்ஸ் என்றதும் பெரியதே சிறந்தது என்று முடிவுகட்டுவது இயல்பு. இக்கெபுகுரோவில் உள்ள கிராண்ட் சினிமா சன்ஷைனின் ஐமேக்ஸ் திரை 25.8 மீட்டர் அகலமும் 18.9 மீட்டர் உயரமும் கொண்டது. ஆறு மாடிக் கட்டடத்துக்கு ஒப்பானது. ஆனால் 'மைனஸ் ஒன்' 2.39 மடங்கு அகலமுள்ள நீள்சட்டத்தில் எடுக்கப்பட்ட படம். அந்தத் திரையின் முழு அகலத்தையும் நிரப்பினாலும் படத்தின் உயரம் 11 மீட்டரைத் தொடாது. மீதி இருட்டாகவே கிடக்கும். அப்படியும் அகலமும் ஒலியும் கிடைக்கும், அது வீண் செலவாகாது. எனினும் திரையின் உயரத்துக்காகவே அங்கே போகிறவர் ஏமாறுவார்.

ஆகவே இந்தப் படத்துக்கு நான் டால்பி சினிமாவை ஐமேக்ஸுக்கு மேலாக வைக்கிறேன். காரணம் கறுப்பு நிறம். இரவுக் கடலும், புகையும், கருகிய தோலும் நிறைந்த படத்தில் சாதாரணத் திரையின் கறுப்பு, சாம்பல் நிறமாக வெளுத்துத் தெரியும். டால்பி அரங்கில் கறுப்பு உண்மையாகவே கறுப்பாக நிற்பதால், அதற்குள் காட்ஸில்லாவின் முதுகுத் தகடுகள் நீலமாக ஒளிரத் தொடங்குவது கண்ணைச் சுடுகிறது. அந்தக் காட்சியைச் சற்று நிறுத்திச் சொல்ல விரும்புகிறேன். வாலிலிருந்து கழுத்துவரை தகடுகள் ஒவ்வொன்றாக, இயந்திரத்தின் பூட்டுத் திறப்பதைப் போன்ற ஒலியுடன் வெளியே தள்ளப்படுகின்றன. எல்லாம் எழுந்து முடிந்த ஒரு கணத்தில் அவை ஒருசேர உள்ளே அறைந்து இறங்க, வாயிலிருந்து கதிர் பாய்கிறது. பின்னர் ஒளி, அதன்பின் வெடிப்பலை, அதன்பின் ஓசையே அற்ற ஓர் இடைவெளி, கடைசியில் கறுப்பு மழை. இந்த நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் ஒழுங்கில்தான் படத்தின் பலம் முழுவதும் இருக்கிறது. அந்த இடைவெளியின்போது சுற்றிலும் இருந்த யாரும் பாப்கார்னைக்கூடத் தொடவில்லை. கர்ஜனைக்கும் இதில் தனிக் கவனம் எடுத்திருக்கிறார்கள்: சிபாவில் உள்ள பேஸ்பால் மைதானத்தில் பெரிய ஒலிபெருக்கிகள் வழியே அதை முழங்கவிட்டு, வெட்டவெளியில் எழுந்த எதிரொலியோடு மீண்டும் பதிவுசெய்தார்கள். அந்தத் தூரத்தைக் காதில் மாட்டும் ஒலிக்கருவியால் தர முடியாது.

டால்பி அரங்கைத் தேர்வதில் டோக்கியோவுக்கே உரிய ஓர் ஈர்ப்பும் உண்டு. 1954இல் காட்ஸில்லாவின் வால் இடித்துத் தள்ளிய நிச்சிகெக்கி என்ற பெரிய அரங்கம் யூராகுச்சோவில் இருந்தது. 'மைனஸ் ஒன்' படத்திலும் அதே அரங்கம் இடிபடுகிறது. உண்மைக் கட்டடம் 1981இல் அகற்றப்பட்டு, அதன் மனையில் யூராகுச்சோ மல்லியன் என்ற கட்டடம் எழுந்தது. அதன் புது இணைப்பில்தான் 2019 அக்டோபரில் மருனோஉச்சி பிக்காடில்லி என்ற திரையரங்கின் டால்பி சினிமா திறக்கப்பட்டது. படம் முடிந்து வெளியே வந்தால், சற்று முன் திரையில் நொறுங்கிய தெருக்களில்தான் ரயில் நிலையத்துக்கு நடக்க வேண்டும். ஐந்து நிமிட நடையில் ஹிபியாவில் காட்ஸில்லா சிலையும் நிற்கிறது.

அசையும் இருக்கைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருக்கை உலுக்குவதும், முகத்தில் காற்றும் நீர்த்திவலையும் அடிப்பதும், ஷின்செய் மாரு என்ற சிறு மரப்படகைக் கடலில் காட்ஸில்லா துரத்தும் காட்சிக்கு ஓரளவு பொருந்தக்கூடும். ஆனால் அந்தத் தொழில்நுட்பம் நம்மைக் கேமராவின் மேல் ஏற்றி வைக்கிறது, கேமரா திரும்பினால் நாமும் திரும்புகிறோம். நல்ல காட்ஸில்லா படத்தில் பார்வை இருப்பது தெருவில் கால் வேரூன்றி, அண்ணாந்து நிற்கும் மனிதனிடம். அவன் அசையாமல் நிற்பதால்தான் எதிரே இருப்பது அசைவது பயங்கரமாகிறது. இருக்கையும் சேர்ந்து ஆடினால் அந்த உறவு அறுந்துபோகிறது. வழக்கமான கட்டணத்துக்கு மேல் கணிசமான தொகையும் கேட்கிறார்கள். அந்தப் பணத்தில் இன்னொரு படத்தையே பாதி பார்த்துவிடலாம்.

கறுப்பு வெள்ளை வடிவம் எப்படி? வெறுமனே நிறத்தை வடித்துவிட்ட பிரதி அன்று அது. ஒவ்வொரு துண்டாக ஒளியையும் நிழலையும் திருத்தி அமைத்திருக்கிறார்கள். சிதைந்த வீடுகளும் மனித முகங்களும் அதில் பழைய செய்திப்படத்தின் கடுமையைப் பெறுகின்றன. இழப்பது நீல ஒளியை. முதல் முறைக்கு வண்ணத்தையும், இரண்டாம் முறைக்கு இதையும் தேர்வேன். 1954ஆம் ஆண்டுப் படத்தைத் தவறவிட்டவர், அதற்குப் பதிலாக இதைப் பார்த்தால் போதுமென்று நினைக்க வேண்டாம். இது அதன் நிழலில் எழுந்த படைப்பு. அந்தத் துக்கம் வேறு.

இனி 'ஷின் காட்ஸில்லா'. மூன்றில் மிகுந்த அறிவுக்கூர்மையுள்ள படம் இதுவே என்று எண்ணுகிறேன். 2011ஆம் ஆண்டின் நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து ஆகியவற்றின்போது அரசாங்கம் தடுமாறியதை நினைவில் வைத்து எழுதப்பட்ட இப்படத்தில், அமைச்சர்களும் அதிகாரிகளும் அறைக்கு அறை மாறி ஆலோசிக்கிறார்கள், ஊருக்குள் 118.5 மீட்டர் உயரமுள்ள விலங்கு நடக்கிறது. கியோகென் என்ற மரபு நாடகக் கலையில் வல்லவரான மன்சாய் நொமுராவின் அசைவுகளைப் பதிவுசெய்து அதன் நடையை அமைத்தார்கள். தோள் அசையாமல் நழுவிச் செல்லும் அந்த நடையை வேறெந்தக் காட்ஸில்லாவிடமும் காண முடியாது. நள்ளிரவு டோக்கியோவின் மேல் ஊதாக்கதிர் பாயும் பகுதிக்காகவே இதைப் பெரிய திரையில் பார்க்கலாம்.

தடை மொழிதான். பேச்சு அம்புபோல் பாய்கிறது. அதற்குமேல் ஒவ்வொருவர் பதவியும், இடமும், ஆயுதத்தின் பெயரும் பெரிய ஜப்பானிய எழுத்தில் திரையை நிறைக்கின்றன. ஆங்கில சப்டைட்டில் இருந்தாலும் கண் இரண்டு அடுக்குகளை வாசிப்பதில் களைத்து, விலங்கைக் கோட்டைவிடும். இல்லையென்றால் பெரும்பகுதி புரியாது. ஜப்பானில் ஜப்பானியப் படங்களுக்குப் பொதுவாக ஆங்கில சப்டைட்டில் இடுவதில்லை என்பதைப் பயணிகள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ஆதலால் ஜப்பானிய மொழி தெரியாதவர் இதை வீட்டில், நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு, பிறகு அரங்குக்குப் போவதே நியாயமான வழி. மொழி தெரிந்தவருக்கோ, தச்சிகாவாவில் உள்ள சினிமா சிட்டி போன்ற அரங்கு உகந்தது. ஒலியை இப்படத்துக்கென்றே சீரமைத்து மிகுந்த முழக்கத்துடன் திரையிடும் சிறப்புக் காட்சிகளுக்குப் பெயர்பெற்ற இடம் அது, 2016இல் இப்படத்தையும் அவ்வாறு திரையிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஷின்ஜுகுவில், பார்வையாளர்கள் வாய்விட்டுக் கத்தவும் ஒளிக்கோல்களை ஆட்டவும் அனுமதித்த காட்சியும் நடந்தது. எப்போதும் மூச்சடக்கி அமர்ந்திருக்கும் ஜப்பானிய அரங்கம் அவ்வாறு ஆர்ப்பரிப்பது, முதல் நாள் முதல் காட்சி பார்த்து வளர்ந்த நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ஆயினும் படத்தை முதலில் அறிமுகம் செய்துகொள்ள அது ஏற்ற சூழல் அன்று.

மொழித் தடையை வைத்துப் பார்த்தாலும் முதற்படமே முந்துகிறது. அதில் பேச்சு குறைவு, நிதானமானது. கதைச் சுருக்கத்தை முன்னதாகப் படித்துக்கொண்டு போனால் நடிகர் தகாஷி ஷிமுராவின் முகமும், மருத்துவமனையில் குழந்தையின்மேல் நகரும் கதிர்வீச்சு அளவியும், மாணவிகள் பாடும் சமாதானப் பாடலும் மீதியைச் சொல்லிவிடும். 'மைனஸ் ஒன்'னில் வசனம் கூடுதல் என்றாலும் உணர்ச்சி முகத்திலேயே எழுதப்பட்டிருப்பதால் பெரும்பாலும் தொடர முடியும்.

குழந்தைகளை அழைத்துப்போகும் பெற்றோருக்கு மட்டும் வரிசையை மாற்றுவேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதற்படத்தின் மருத்துவமனைக் காட்சியும், தீச்சூழ்ந்த தெருவில் பிள்ளைகளை அணைத்தபடி அப்பாவிடம் போகப்போகிறோம் என்று சொல்லும் தாயும் தாங்க முடியாத பாரம். அவர்கள் 'மைனஸ் ஒன்'னைச் சாதாரணத் திரையில், ஒலி சற்று அடங்கிய பின்வரிசையில் அமர்ந்து பார்க்கலாம்.

கட்டணத்தைப் பொறுத்தவரை, தோஹோ அரங்குகளில் பெரியவர்களுக்கான டிக்கெட் 2023இல் 2,000 யென்னாக உயர்ந்தது. சிறப்புத் திரைகளுக்கு அதற்குமேல் தனியே கொடுக்க வேண்டும். முதற்படத்துக்குச் சிறப்புத் திரை எதுவும் தேவையில்லை என்பதால், தேர்வுகள் அனைத்திலும் செலவு குறைந்ததும் அதுவே. இரண்டு மாலைகள் கிடைக்குமானால் முதல் மாலை அதற்கும், இரண்டாவது மாலை யூராகுச்சோவில் 'மைனஸ் ஒன்'னுக்கும் போகட்டும். அதில் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்துவிட வேண்டாம். பெயர்ப்பட்டியலின் இறுதியில் ஒலிக்கும் காலடிகளும் கர்ஜனையும் படத்தின் ஒரு பகுதி, விளக்கு எரியும்வரை அங்கே யாரும் எழுவதும் இல்லை.